தற்செயலாக ஏறிய மலை

யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. அதனால் எங்கள் வீட்டில் மலையைப் பற்றிய அறிவு கொஞ்சம் குறைவு. லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் நாங்கள் இருந்த தெரு தோசைக்கல்லைப் போலத் தட்டையானது. சித்தி வேலை செய்த மருந்துக்கடை ஸ்ட்ரெதமில் இருந்தது. அங்கே போகும்போது பஸ் ஓரிடத்தில் முனகிக்கொண்டு மேடு ஏறும். அம்மாவுக்குத் தெரிந்த மலை அதுதான். ஆகவே, கோடை விடுமுறைக்குச் சுவிஸுக்கு வந்தால் எல்லோரும் ஒரு மலைக்குப் போகலாம் என்று பெரியம்மா தொலைபேசியில் சொன்னபோது, மேலே ஏறியபிறகு இருக்க இடம் இருக்குமா என்றுதான் அம்மா முதலில் கேட்டார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மலைக்கு எதற்காகப் போகிறோம் என்பது எனக்குத் தெரியும். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டுத்தான் பெரியம்மாவுடன் கதைப்பார். எங்கள் வீட்டில் ரகசியங்கள் எல்லாம் வெங்காய வாசனையோடு என்னிடம் வந்து சேரும்.

விஷயம் சித்தியின் கல்யாணம். சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. எங்களோடு, மாடியில் சின்ன அறையில் இருந்தார். அவரைப் பெண் பார்க்க வந்தவர்களில் கடைசியாக வந்தவர் ஹவுன்ஸ்லோக்காரர். சித்தி தேநீர்த் தட்டோடு நின்றபோது, உயரம் பார்க்கவேண்டும், கொஞ்சம் கதவுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள் என்று கேட்டார். சித்தி தட்டை அவருடைய மடியில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். இனி எவனுக்கு முன்னாலும் தட்டோடு நிற்கமாட்டேன் என்று அன்றைக்கே அறிவித்தும் விட்டார்.

அதற்குப் பெரியம்மா கண்டுபிடித்த வழிதான் மலை. மாப்பிள்ளை சுவிஸ் ரயில்வேயில் இன்ஜினியர். இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்திக்க வேண்டும்.

"ரெஸ்ரோறன்ட் எண்டால் அவள் எழும்பிப் போயிடுவாள். மலையிலை ஏத்திவிட்டால் எங்கை போறது?" என்று பெரியம்மா சொன்னது வெங்காயத்துக்கு மேலாக எனக்குக் கேட்டது.

புறப்படுவதற்கு முதல்நாள் அம்மா என்னைக் கூப்பிட்டு, யாராவது கேட்டால் சித்தியைப் பற்றி நல்லதாகச் சொல்லவேண்டும் என்றார். நான் அதை மிகவும் பொறுப்பாக எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் பேச்சுப்போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்திருந்தது. நல்லதைச் சொல்வது எப்படி என்பதில் எனக்குப் பயிற்சி இருந்தது.

அப்பா வேலைசெய்த கடையின் வான் வண்டியில், கடலுக்கு அடியால் சுரங்கத்தில் போய், பிரான்ஸ் முழுவதும் புட்டும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டு சுவிஸுக்குப் போனோம். நான் சொக்லேட் பெட்டியில் இருப்பது போல ஒரு வெள்ளை முக்கோணத்தை எதிர்பார்த்திருந்தேன். பெரியப்பா எங்களைக் கொண்டுபோய் நிறுத்திய மலையில் பனி மருந்துக்கும் இல்லை. இடுப்புவரை பைன் மரங்கள், அதற்கு மேலே புல், உச்சியில் ஒரு மரச்சிலுவை, சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக்கடை. அவ்வளவுதான். அடிவாரத்தில் ஒரு கிராமம். ஜன்னல்தோறும் சிவப்புப் பூத்தொட்டி வைத்த மரவீடுகள், அவற்றுக்குக் கீழே கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டுப்போல ஓர் ஏரி. உண்மையான மலைகள் பின்னால் தூரத்தில் பனியோடு நின்றன. கல்யாண வீட்டுக் குரூப் படத்தில் பெரியவர்கள் பின்வரிசையில் நிற்க, முன்னால் பாயில் உட்காரவைத்த பிள்ளையைப் போல இருந்தது எங்கள் மலை.

"பனி மலையெண்டால் ஒரே சனம்," என்றார் பெரியப்பா. "இது அமைதியான மலை. கார் விடவும் காசில்லை."

கார் நிறுத்துமிடத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே தற்செயலாக வந்து நின்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா அரக்குக் காஞ்சிபுரம் உடுத்து, தலைநிறையப் பூ வைத்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்திருந்தார். எங்கள் அம்மாவும் பட்டுச்சேலைதான், ஆனால் மலை என்பதால் அதற்குக் கீழே சப்பாத்து. அரைக்காற்சட்டையும் கைத்தடியுமாக மலையேற வந்த வெள்ளைக்காரர்கள் எங்களுக்கு மரியாதையாக வழிவிட்டார்கள். ஏதோ சமயச் சடங்கு என்று நினைத்திருக்க வேண்டும்.

பெரியம்மா முகத்தில் ஆச்சரியத்தை வரவழைத்துக்கொண்டு முன்னால் போனார். "அட, நீங்களோ? என்ன இந்தப் பக்கம்?"

மாப்பிள்ளையின் அம்மா திகைத்துப்போனார். "நீங்கள்தானே பத்து மணிக்கு வரச்சொன்னனீங்கள்," என்றார்.

ஜீன்ஸ் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தபடி நின்ற சித்தி, காஞ்சிபுரத்தைப் பார்த்தார். கழுத்துப்பட்டியைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா ஏரியை ரசித்துக்கொண்டிருந்தார்.

மேலே போவதற்குக் கம்பியில் தொங்கும் கதிரைகள் இருந்தன. ஒரு கதிரையில் இரண்டு பேர். கதிரை நிற்காது, வந்துகொண்டேயிருக்கும், வரும்போது ஏறிவிடவேண்டும். பெரியம்மா வரிசையை ஒழுங்கு செய்தார். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் சித்தி தற்செயலாக வந்து நிற்கும்படி எங்களை இழுத்து இழுத்து விட்டார். எல்லாம் சரியாக வந்து, கதிரையும் வரும் நேரத்தில், சித்தி குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தொடங்கினார். கதிரைக்குப் பொறுப்பான ஆள் பொறுமையில்லாதவர். வரிசையில் அடுத்து யார் என்று பார்த்து, என்னைத் தோளில் பிடித்து மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, தடுப்புக் கம்பியை மடக்கி அனுப்பிவிட்டார். அடுத்த கதிரையில் சித்தியும் மாப்பிள்ளையின் அம்மாவும். அதற்கடுத்ததில் எங்கள் அப்பாவும் சாப்பாட்டுப் பெட்டியும்.

கிராமமும் ஏரியும் காலுக்குக் கீழே சின்னதாகிக்கொண்டு போயின. பைன் மரங்களின் உச்சிகளைத் தாண்டி, புல்வெளிக்கு மேலே மிதந்து போனோம். கீழே மாடுகள் மேய்ந்தன. அவற்றின் கழுத்துமணிச் சத்தம் மட்டும் மேலே வந்தது. அப்போது கதிரை ஒருமுறை உலுக்கிவிட்டு நின்றது. முன்னும் பின்னும் ஆடியது.

காரணம் பிறகுதான் தெரியவந்தது. கடைசியாக ஏறிய அம்மாவின் சேலைத் தலைப்பு கதிரையின் பக்கத்து இரும்பில் மாட்டிக்கொண்டது. பொறுப்பான ஆள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு கத்தரிக்கோலோடு வந்தார். அது அப்பா கல்யாண நாளுக்கு வாங்கிக் கொடுத்த சேலை. வெட்டவிடமாட்டேன் என்று அம்மா தமிழிலும், வெட்டாமல் முடியாது என்று அவர் ஜெர்மனிலும் வாதாட, நடுவில் நின்ற பெரியப்பா எதையும் மொழிபெயர்க்காமல் இருவருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாராம்.

எனக்கு இது ஒன்றும் தெரியாது. நான் அந்தரத்தில், முன்பின் தெரியாத ஒரு மனிதரோடு தொங்கிக்கொண்டிருந்தேன். அவர் புதிய மண்ணிற ஜாக்கெட் போட்டிருந்தார். தலைமயிரைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்களை இறுக மூடியிருந்தார்.

"மாமா, நித்திரையோ?"

"இல்லைப் பிள்ளை. எனக்கு உயரமெண்டால் பயம்."

"அப்ப ஏன் மலைக்கு வந்தனீங்கள்?"

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார். "தற்செயலா வந்தனான்," என்றார்.

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அவருக்கு ஜெர்மன்தான் ஓடும், எனக்கு ஆங்கிலம்தான் ஓடும். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது எங்கள் வீடுகளில் பேசும் தமிழ் மட்டுமே.

"ஏதாவது கதையுங்கோ பிள்ளை," என்றார். "கீழை பார்க்காமல் இருக்கோணும்."

"என்னத்தைப் பற்றி?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "உங்கட சித்தியைப் பற்றிச் சொல்லுங்கோவன்."

இதற்காகத்தானே நான் லண்டனிலிருந்து தயாராகி வந்திருந்தேன். கம்பி மட்டும் தடுக்காவிட்டால் எழுந்தே நின்றிருப்பேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவையோர் அனைவருக்கும் வணக்கம்," என்று தொடங்கினேன். கீழே ஒரு மாடு நிமிர்ந்து பார்த்தது.

சித்தி தூய்மையானவர் என்பது என் முதல் கருத்து. தினமும் இரவில் ஒரு மணித்தியாலம் குளிப்பார். தண்ணீர் ஓடிக்கொண்டேயிருக்கும். தண்ணீர்க்காசு கூடுகிறது என்று அம்மா ஏசினாலும் கேட்கமாட்டார். அவ்வளவு சுத்தம். குளிப்பது அவருக்கு எவ்வளவு பிடிக்கும் என்றால், உள்ளே அவர் சிரிக்கும் சத்தம் படிக்கட்டுவரை கேட்கும்.

"குளிக்கேக்கை சிரிப்பாவோ?" மாப்பிள்ளை மற்றக் கண்ணையும் திறந்தார்.

"ஓம். போனையும் கொண்டுதான் போவா. நனையாமல் இருக்கப் பையுக்குள்ளை போட்டு."

அடுத்தது பக்தி. வெள்ளிக்கிழமை எங்களோடு கோயிலுக்கு வருவார். அது போதாதென்று, ஞாயிற்றுக்கிழமை என்னைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகும் வழியில் தேவாலயத்துக்கும் போவார். எங்கள் வீட்டில் வேறு பெரியவர் யாரும் இரண்டு இடத்துக்கும் போவதில்லை. மற்றவர்கள் முழந்தாளிடும்போது சித்திக்கு எப்போது முழந்தாளிடுவது என்று தெரியாது. ஆனால் எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிடும்போதுகூட அவர் கண்ணை மூடுவதில்லை. அப்படி ஒரு பக்தி.

"கண்ணைத் திறந்துகொண்டு எங்கை பார்ப்பா?"

நான் யோசித்துப் பார்த்தேன். "கீபோர்ட் பக்கம்."

மாப்பிள்ளை இப்போது என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார். ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டார். இப்படி ஒரு சபை எனக்குப் பேச்சுப்போட்டியில் கிடைக்கவில்லை. நான் உற்சாகமாக ஈகைக்கு வந்தேன். சித்தி ஒருமுறை ரூற்றிங் கடைத்தெருவில் விலைகூடிய நீலச் சட்டை ஒன்று வாங்கினார். யாருக்கு என்று கேட்டேன். ஓர் ஏழைக்கு என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஏழையை நானே கண்டேன்.

"ஆர் அந்த ஏழை?"

"கீபோர்ட் வாசிக்கிற மாமா. மன்னார்க்காரர். பாவம், அவருக்கு வேறை சேட் இல்லைப் போலை. பிறகு எல்லா ஞாயிறும் அதையேதான் போடுறவர்."

மாப்பிள்ளை சிரிக்கத் தொடங்கினார். உயரத்தை மறந்து, கம்பியை விட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கதிரை ஆடியது. இப்போது நான்தான் கம்பியைப் பிடிக்கவேண்டியிருந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மா சித்தியின் கையைப் பிடித்து வளையல் அளவு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் உங்கட அம்மாவுக்குத் தெரியுமோ?" என்று மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"தெரியாது. சித்தி செய்யிற நல்லதை வெளியிலை சொல்லமாட்டா."

அவர் சிரிப்பை நிறுத்தினார். தூரத்துப் பனி மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயம் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்து அவருடைய ஜாக்கெட்டின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நேற்றும் குளிச்சவவோ?" என்று கேட்டார்.

"ஓம், பெரியம்மா வீட்டிலை. ஆனா சிரிக்கேல்லை. கண் சிவந்துபோய் வந்தவ. சவுக்காரம் பட்டிட்டுதாம்."

"ம்," என்றார். கதிரை மறுபடி நகரத் தொடங்கியது.

உச்சியில் குடைகளுக்குக் கீழே நீண்ட மேசைகள் போட்டிருந்தார்கள். அம்மா கரி படிந்த சேலைத் தலைப்போடு, ஆனால் வெட்டுப்படாத வெற்றியோடு வந்து சேர்ந்தார். இரண்டு குடும்பமும் தற்செயலாக ஒரே மேசையில் உட்கார்ந்து சூப்புக்குச் சொல்லியது. பெரியம்மா கைகளைத் துடைத்துக்கொண்டு, "தம்பிக்கு ரயில்வேயிலை நல்ல வேலை," என்று தொடங்கினார்.

மாப்பிள்ளை கரண்டியைக் கீழே வைத்தார். "வேலையை விடப்போறன், அன்ரி. மாடு வளர்க்கப்போறன்."

"ஆருடைய மாடு?" என்று கேட்டார் அவருடைய அம்மா.

"வாங்கவேணும். இப்பிடி ஒரு மலையிலை, இப்பிடி ஒரு இடத்திலை." சரிவைக் கையால் காட்டினார்.

அவருடைய அப்பா கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். "நீ எப்பவடா இதை யோசிச்சனி?"

"இப்பதான் அப்பா. கம்பியிலை தொங்கேக்கை."

பிறகு அவர் சொல்லச் சொல்ல மேசையில் யாரும் சூப்பைத் தொடவில்லை. விடியமுன் எழும்பவேண்டும். கல்யாணம் செய்து வருகிறவருக்குப் பால் கறக்கத் தெரியவேண்டும், தெரியாவிட்டால் அவரே பழக்குவாராம். பனிக்காலத்தில் பாதையை மூடிவிடுவார்கள். போன் வேலை செய்யாது. தமிழ்க்கடை கிடையாது.

"அப்ப கறிவேப்பிலை?" என்றார் அம்மா.

"பனியிலை என்ன கறிவேப்பிலை, அன்ரி."

அம்மா நாற்காலியில் சாய்ந்தார். அந்த இடத்தில் சம்பந்தம் முடிந்துவிட்டது என்பது எனக்கே தெரிந்தது.

அதுவரை சூப்பையே பார்த்துக்கொண்டிருந்த சித்தி நிமிர்ந்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். அவரும் பார்த்தார். "உங்களுக்கு இது சரிவராதெண்டு நினைக்கிறன்," என்றார் அவர்.

"எனக்கு மாடு சரிவராது," என்றார் சித்தி. அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது இவ்வளவுதான்.

அப்போது வேலிக்கு மறுபக்கம் மேய்ந்துகொண்டிருந்த மண்ணிற மாடு ஒன்று மணியை ஆட்டிக்கொண்டு வந்து, வேலிக்கு மேலால் தலையை நீட்டி, மாப்பிள்ளையின் புது ஜாக்கெட்டை முதுகில் ஒருதரம் நக்கியது. மாப்பிள்ளை எழுந்ததை நான் காணவில்லை. பார்க்கும்போது உட்கார்ந்திருந்த வாங்கின் மேலே நின்றார். முகம் வெளுத்திருந்தது.

எனக்கு இது பெரிய முரண்பாடாகப் பட்டது. "மாமா, உங்களுக்கு மாடெண்டாலும் பய—" என்று தொடங்கினேன். முடிப்பதற்குள் சித்தி மேசையிலிருந்த அப்பிள் கேக்கில் பாதியை என் வாயில் திணித்தார். விழுங்கிவிட்டு மறுபடி வாயைத் திறந்தேன். மற்றப் பாதி வந்தது. சாப்பாட்டுக்கு முன் இனிப்புச் சாப்பிடக்கூடாது என்று என்னை எப்போதும் கண்டிப்பவர் சித்திதான்.

வான் வண்டியில் லண்டன் வரும்வரை அம்மா அந்தப் பிள்ளைக்காக வருத்தப்பட்டார். படித்த பிள்ளை, உயரத்தில் காற்று மாறியதில் மூளை கலங்கிவிட்டது என்பது அவருடைய முடிவு. சில மாதம் கழித்துச் சித்தி ஒருநாள் அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்து, கீபோர்ட் மாமாவைப் பற்றிச் சொன்னார். அம்மா முறைப்படி அழுதார். சாப்பிடமாட்டேன் என்றார். மன்னார் என்றார், வேதக்காரர் என்றார், சனம் என்ன சொல்லும் என்றார். சித்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்னை மாட்டுப்பட்டிக்கு அனுப்பப் பார்த்தனீங்கள். இவர் கீபோர்ட்தானே வாசிக்கிறார்," என்றார். எப்போதாவது பேசும் அப்பா, பேசாமலே விழுந்து விழுந்து சிரித்தார். கொஞ்ச நேரம் பொறுத்து அம்மா, மன்னார்க்காரர் இருக்கிற இடத்தில் தமிழ்க்கடை உண்டா என்று கேட்டார். ஒரு தமிழ்க்கடைக்கு மேலேதான் அவர் குடியிருக்கிறார் என்றார் சித்தி. கல்யாணம் காலையில் கோயிலிலும் மாலையில் தேவாலயத்திலும் நடந்தது. அந்த ஏழை கோட் போட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது.

நான் கதிரையில் என்ன சொல்லிவிட்டேன் என்பது பதினைந்து வயதில்தான் எனக்கு விளங்கியது. யாரும் சொல்லித் தரவில்லை. ஓர் இரவு நானும் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அப்போது விளங்கியது.

மாடு வளர்க்கும் பேச்சு ஏன் வந்தது என்பதும் அதோடு சேர்ந்து விளங்கியது. இப்போது நான் நினைப்பதெல்லாம், மலையிலிருந்து இறங்கமுன் நடந்த ஒரு சின்ன விஷயத்தை.

மறுபடியும் கதிரையில் ஏறமாட்டேன், நடந்தே இறங்குகிறேன் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். அவருடைய அப்பாவும் அம்மாவும் அவரோடு பேசாமல் முன்னாலேயே இறங்கிவிட்டார்கள். சித்தி அம்மாவுக்குப் பக்கத்தில் வரிசையில் நின்றார். மாப்பிள்ளை என்னைச் சிலுவையடிக்குக் கூப்பிட்டு, ஜாக்கெட்டின் உட்பையிலிருந்து ஒரு சின்னச் சொக்லேட் பெட்டியை எடுத்தார். வெள்ளை ரிப்பன் சுற்றி, மேலே பூவைப் போல முடிச்சுப் போட்டிருந்தது. ஒரு மூலை மட்டும் கொஞ்சம் நசுங்கியிருந்தது. அதை விரலால் நிமிர்த்தப் பார்த்தார். நிமிரவில்லை.

"இது பிள்ளைக்கு," என்றார். "நல்ல பேச்சு."

பிறகு மாட்டு மணிகளின் பக்கம் போகாமல், பாதையின் மற்ற ஓரமாகப் பார்த்துப் பார்த்து இறங்கிப் போனார். புதுச் சப்பாத்து கல்லில் வழுக்கியது.

கீழே போகும் கதிரையில் நானும் அப்பாவும். ரிப்பனை அவிழ்த்து முதல் வரிசையைத் தின்றபிறகுதான் அப்பாவின் நினைவு வந்து, பெட்டியை நீட்டினேன். யார் தந்தது என்று கேட்டார். சொன்னேன். சுவிஸில் பிள்ளைகளுக்குச் சொக்லேட் கொடுக்கும்போது இப்படிக் கட்டித்தான் கொடுப்பார்கள் என்றும் விளக்கினேன்.

அப்பா ரிப்பனைக் கையில் எடுத்துப் பார்த்தார். கீழே புல்வெளி வளைவில் ஒரு மண்ணிற ஜாக்கெட் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. அது மரங்களுக்குள் மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீயே சாப்பிடு," என்றார்.

இனிப்பென்றால் உயிரைவிடும் அப்பா மலையில் வைத்துத் திருந்திவிட்டார் என்று நினைத்து, அவருடைய பங்கையும் நானே தின்று முடித்தேன்.